எட்டாவது பெருக்கல் குறி

உபரிப் பொருள் பிரிவுக்கு அழுதுகொண்டு வருகிறவர்கள் யாரும் கிடையாது. ஒடிந்த நாற்காலிக்கும் ஓடாத மின்விசிறிக்கும் எவன் அழுவான்? அதனால் அன்று காலை வாசலில் ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றபோது, ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவருக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அது தன் கூடப்பிறந்த தங்கச்சி என்று தெரிந்தது. கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"அண்ணே, என்னை உள்ளே தள்ளப் போறாங்க."

"யாரு? எதுக்கு? எவன் சொன்னான்?"

"மூச்சு விட விடுண்ணே. உன் மேடத்தைப் பார்க்கணும்."

அலுவலகத்தில் அந்த டிரைவரை எல்லாரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயை மூடத் தெரியாத மனிதர். வாலிபத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிய உடம்பு. தோளில் இன்னும் அந்தக் காய்ப்பு போகவில்லை. தகப்பன் சாலைக்குச் சரளைக்கல் உடைத்துக் குனிந்தே செத்தவர். குடும்பத்தில் முதன்முதலாக நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவள் இந்தத் தங்கச்சிதான். குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையத்தில் ஸ்டோர் கீப்பர். அந்த உத்தியோகத்தைப் பற்றி ஹாரன் பேசாத டீக்கடை கிடையாது.

உள்ளே உபரிப் பொருள் ஆய்வாளர், கால் ஒடிந்த மேசைகளுக்கு நடுவே கால் ஒடியாத ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொட்ட பெண்மணி. ஸ்டாக்கிலிருந்து எடுத்துத் தருவதுபோல ஒவ்வொரு வார்த்தையையும் அளந்து பேசுகிறவர். தங்கச்சிக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். "அதுல வேண்டாம், அது ஏலத்துக்குப் போறது. இதுல உட்காருங்க. மெதுவா சொல்லுங்க."

அவள் சொன்னாள். போன மாதம் நீரேற்று நிலையத்துக்குப் புது மோட்டார் ஒன்று மரப்பெட்டியில் வந்தது. ஓடுகிற மோட்டார் எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும் என்பதால் மாற்றுக்கு வாங்கியது. பெட்டியைப் பிரித்து, ஓட்டிப் பார்த்து, திரும்பவும் உள்ளே வைத்து ஆணி அடித்தார்கள். எல்லாம் அவள் கண்முன்னால். பெட்டியை அவளுடைய குடோனில் வைத்துப் பூட்டியாயிற்று. நேற்று ஓடிக்கொண்டிருந்த மோட்டார் எரிந்துபோனது. மாற்று மோட்டாரை எடுக்கலாமென்று பெட்டியைத் திறந்தார்கள்.

"உள்ளே ஒடைஞ்ச இரும்பும் பழைய வால்வும் கிடக்குது மேடம். மோட்டார் இல்ல."

"குடோன் சாவி?"

"ஒரே சாவி. எப்பவும் என் இடுப்புல."

"பெட்டி உள்ளே போனதுலேர்ந்து நேத்து வரைக்கும், அது குடோனை விட்டு வெளியே வரவே இல்லையா?"

தங்கச்சி முந்தானை நுனியைத் திருகினாள். "வரல," என்றாள்.

ஆய்வாளர் அந்த நுனியைப் பார்த்தார்.

"மத்தியானம் செயல் அலுவலர் போலீஸோட வர்றாராம். எஞ்சினீயர் எல்லாத்தையும் எழுதி வச்சிட்டாரு. சாவி என்கிட்டன்னா திருட்டும் என்னுதுதானாம். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க மேடம்."

ஹாரன் குறுக்கே புகுந்தார். "மேடம், இவளால ஒரு குடத்துத் தண்ணியைக்கூட திருட முடியாது. சின்ன வயசுல நான் மாங்கா திருடினா, அதுக்கும் இவதான் போய்ச் சொல்லிட்டு வருவா."

"மாங்கா பத்தி அப்புறம் பேசலாம். குடோன்ல நுழைய எனக்கு உரிமை கிடையாது," என்று ஆய்வாளர் எழுந்தார். "ஆனா குடோனை ஒட்டி நம்ம உபரிக் கொட்டகை இருக்கு. பெட்டிக்குள்ள கிடக்கிறது பழைய இரும்புன்னா, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்க எனக்கு உரிமை உண்டு. வண்டியை எடுங்க."

வழியெல்லாம் ஹாரன் மூன்று திருடர்களைப் பிடித்துவிட்டார். முதலில் எஞ்சினீயர், சட்டை அவ்வளவு வெள்ளையாக இருக்கிறவனை நம்ப முடியாது. அடுத்து காவலாளி, தூங்குகிறவன் எதையும் விடுவான். அப்புறம் பழைய இரும்பு வியாபாரி. அவன் தொழிலே அதுதான். பின்சீட்டில் தங்கச்சி முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள்.

"வியாபாரிதான் மேடம். போன வாரம் அவன் லாரி உள்ளே வந்துட்டுப் போச்சே. மோட்டார் கூடு ஏழையும் ஏத்திட்டுப் போனானே."

அந்தக் கூடுகளை ஹாரன் மறக்கமாட்டார். எரிந்துபோன மோட்டாரை வாரியம் அப்படியே விற்காது. செம்புக் கம்பி, ரோட்டர், உள்தகடு எல்லாவற்றையும் உருவி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளும். மிச்சம் நிற்பது வார்ப்பிரும்புக் கூடு மட்டும். அந்தக் கூடுகள் இனி யாருக்கும் வேண்டாம் என்று தீர்மானித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் தாரால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தவர்களே இவர்கள் இரண்டு பேர்தான். ஆய்வாளர் காட்டினார், ஹாரன் தார் பிரஷ்ஷைப் பிடித்தார். ஒரு கோடு நேராகவும் இன்னொரு கோடு வாத்து நடை நடந்தும் போயிருக்கும். மூட்டை தூக்கிய கைக்கு அதுக்குமேல் ஓவியம் வராது.

"உபரின்னா ஒடைஞ்சதுன்னு அர்த்தமில்ல, ஹாரன்," என்றார் ஆய்வாளர், சாலையைப் பார்த்தபடியே. "நல்லா இருக்கிற பொருள்கூட உபரியாகலாம். இது நமக்கு இனி வேண்டாம்னு அதிகாரம் உள்ள ஒருத்தர் முடிவு பண்ணணும், அவ்வளவுதான். முதல்ல வேற அரசு ஆபீஸ் எதுக்காவது வேணுமான்னு கேப்போம். பள்ளிக்கூடம் கேட்டா பீரோவைச் சும்மா குடுத்துடுவோம். யாருக்கும் வேண்டாம்னாதான் குறி. குறி விழுந்த பிறகு அந்தப் பொருளை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். கால்ல தடுக்கினாலும் திட்டிட்டுப் போயிடுவான்."

நீரேற்று நிலையத்தில் எரிந்த மோட்டாருக்குப் பக்கத்து மோட்டார் இரண்டு பங்கு வேலை செய்துகொண்டிருந்தது. அதன் இரைச்சலில் தரை அதிர்ந்தது. பேசுகிறவர்கள் காதருகே குனிந்து பேசவேண்டியிருந்தது. எஞ்சினீயர் குடோன் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் ஆய்வாளரிடம். "இது தெளிவான கேஸ். பூட்டு உடையல. ஜன்னல் உடையல. சாவி இவங்ககிட்ட. நான் கையெழுத்துப் போட்டு வாங்கின மோட்டார் அது. போச்சுன்னா என் உத்தியோகமும் சேர்ந்து போகும்."

நிலையத்தின் மேஸ்திரி உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாட்டசாட்டமான ஆள், தலை நரைத்தும் கை நரைக்கவில்லை. "மேடம் உட்காரட்டும் சார். வந்தவங்களை நிக்கவச்சா பேசுவீங்க?" என்று சிரித்தார். தங்கச்சியின் தலையைத் தொட்டார். "பயப்படாத பாப்பா. பெரியப்பா இருக்கேன்ல."

அவள் அந்தக் கைக்குக் கீழே கொஞ்சம் நிமிர்ந்தாள். அதைப் பார்த்து ஹாரனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இந்தப் பேய்க்காட்டில் இவளுக்கென்று ஒரு மனிதராவது இருக்கிறாரே.

குடோனின் கோடியில் பெட்டி, மூடி திறந்து கிடந்தது. ஆய்வாளர் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். மற்ற பெட்டிகளையும் பார்த்தார். எல்லாவற்றிலும் பொருளின் பெயர் ஒட்டிய பக்கம் நடைபாதையைப் பார்த்திருந்தது. மோட்டார்ப் பெட்டியின் பெயர் மட்டும் சுவரைப் பார்த்திருந்தது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் முகத்தை நுழைத்தால்தான் படிக்க முடியும். கீழே குனிந்து அடிக்கட்டையில் விரலை ஓட்டினார். காய்ந்த சேறும் ஒரு புல் நுனியும் வந்தன. சிமெண்ட் தரையில் தூசிதான் உண்டு, புல் ஏது?

"நேத்து திறக்கும்போது பெட்டியை யாராவது நகர்த்தினீங்களா?"

"இல்ல. இருந்த இடத்துலயேதான் மூடியைப் பேத்தோம்," என்றார் எஞ்சினீயர்.

"ஹாரன், இரும்பை எடுத்துத் தரையில போடுங்க. ஒவ்வொரு துண்டா."

ஹாரன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். முழு வால்வு மூன்று. மற்றதெல்லாம் சம்மட்டி பட்டுச் சிதறிய வார்ப்பிரும்பு. துண்டுகளின் வெளிப்புறம் பழைய துரு. உடைந்த விளிம்பு மட்டும் இன்னும் முழுசாகத் துரு ஏறாமல் சாம்பலாக இருந்தது. உடைத்து ரொம்ப நாளாகவில்லை. ஆய்வாளர் தரையில் மண்டியிட்டு, சின்னப்பிள்ளை படம் சேர்ப்பதுபோலத் துண்டுகளைப் பொருத்த ஆரம்பித்தார். வரிவரியாக வரப்பு ஓடிய வளைந்த முதுகு உருவானது.

"மோட்டார் கூடு," என்றார்.

பெட்டியின் அடியில் கடைசித் துண்டைப் புரட்டினார் ஹாரன். அதன் முதுகில் கறுப்பாக ஒரு கோடு. வாத்து நடை நடந்து போயிருந்தது.

இது தன் கைவேலை. கூடுகளுக்குத் தார் பூசியது பெட்டி குடோனுக்குள் போய்ப் பூட்டின பிறகு. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அன்று குடோனுக்குள் போய் அந்தப் புதுப்பெட்டிமேல்தான் தார் டப்பாவை வைத்து, தங்கச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்படியானால் இந்த இரும்பு பெட்டிக்குள் வந்தது பெட்டி குடோனில் இருக்கும்போது. குடோனுக்குச் சாவி ஒன்று. அது இருந்தது ஒரே இடுப்பில்.

திரும்பிப் பார்த்தார். தங்கச்சி வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஹாரன் குனிந்தபடியே அந்தத் துண்டைக் கழற்றிப்போட்ட சட்டைக்குள் சுருட்டினார்.

"அவ்வளவுதான் மேடம். பெட்டி காலி."

வாயாடி ஒருவர் நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டால் அதுவே சத்தம்தான். ஆய்வாளர் தலையைத் தூக்காமல், சேர்த்துவைத்த கூட்டின் நடுவில் கையகல இடைவெளியைக் காட்டினார்.

"இங்கே ஒண்ணு குறையுது."

"தூளாப் போயிருக்கும் மேடம்."

"ஹாரன்." குரல் ஏறவில்லை. "இத்தனை வருஷத்துல சட்டையை மடிச்சு வச்சு நான் உங்களைப் பார்த்ததில்ல."

அவர் சட்டையைப் பிரித்தார். துண்டு இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்தது. கோடும், மற்றத் துண்டுகளில் கிரீஸ் கறைபோலத் தெரிந்த மறுகோடும் சேர்ந்து பெருக்கல் குறியானது. எஞ்சினீயருக்கும் கணக்குப் புரிய நேரமாகவில்லை.

"குறி போட்டது பெட்டி உள்ளே போன பிறகுதானே? அப்போ பூட்டின குடோன்லதான் மாத்தியிருக்காங்க. இதுக்குமேல என்ன வேணும்? அண்ணனே மறைக்கப் பார்க்கிறான்! இவனையும் சேர்த்து எழுதணும்."

"எழுதுங்க சார்," என்றார் ஹாரன். "என்னை எழுதுங்க. அவளை விட்டுடுங்க."

"யாரும் எதையும் எழுத வேண்டாம்," என்று ஆய்வாளர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "போலீஸ் வர்றதுக்குள்ள நான் காவலாளியைப் பார்த்துட்டு வரேன்."

காவலாளி கேட்டருகே ஸ்டூலில் இருந்தார். தூங்கவில்லை, தூங்கி எழுந்த முகம் மட்டும்தான் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது.

"லாரியா? நல்லா ஞாபகம் இருக்கு மேடம். ஏழு கூடுன்னு சொல்லியிருந்தீங்க. நான் ஒவ்வொண்ணு முதுகுலயும் கையை வச்சு எண்ணித்தான் விட்டேன். எட்டாவது போகலை, ஆறோட நிக்கலை. ஏழு."

"எப்படி ஏத்தினாங்க?"

"முதல் ஒண்ணை, சங்கிலிக் கப்பி இருக்கில்ல, செயின் பிளாக், அதைப் போட்டுத் தூக்கி கேபினை ஒட்டி உள்ளே தள்ளினாங்க. அப்புறம் ஆறையும் கம்பில கோத்து ரெண்டு ரெண்டு பேராத் தூக்கிட்டாங்க. பொசுக்குனு முடிஞ்சுபோச்சு." பிறகு, கேட்காமலேயே சட்டையின் ஓரத்தை இழுத்துக் காட்டினார். "அந்த முதல் சனியன்தான் மேடம் என் சட்டையைப் பாழாக்கினது. கையில தார் அப்பிக்கிச்சு, நான் பாட்டுக்கு சட்டையில துடைச்சிட்டேன். வீட்டுல எனக்குக் கெடைச்ச பேச்சு இருக்கே!"

"மத்த ஆறும்?"

"அதெல்லாம் காய்ஞ்சு புழுதி படிஞ்சு கிடந்துச்சு. ஒண்ணும் ஒட்டலை."

ஆய்வாளர் அந்தக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹாரனைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க பூசின தார் எத்தனை நாள்ல காயும்?"

"அன்னிக்கு அடிச்ச வெயிலுக்கு ரெண்டு நாள் போதும் மேடம். லாரி வந்தது ரொம்ப நாள் கழிச்சு."

"சரி. இப்போ உங்க தங்கச்சிகிட்ட போங்க. ஒரே ஒரு கேள்வி. பெட்டியோட பேர் ஏன் சுவரைப் பார்த்திருக்குன்னு கேளுங்க. நான் கேட்டா மறுபடியும் 'வரல'ன்னுதான் சொல்லுவாங்க."

பம்பு ஹவுஸின் பின்சுவரோரம், குழாய்கள் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். ஹாரன் கேட்டார். அவள் அழுதாள்.

"இப்ப அழுது என்ன பிரயோஜனம்? போலீஸ் ஜீப் வர்ற நேரம். நான் இரும்பை ஒளிச்சேன், அசிங்கப்பட்டேன். நீயும் எதையோ ஒளிக்கிறே. அண்ணனும் தங்கச்சியும் மாறி மாறி ஒளிச்சா எவன் நம்மளை நம்புவான்?"

"பெட்டி வெளியே வந்துச்சுண்ணே," என்றாள்.

பழைய இரும்பு லாரி வந்ததற்கு முந்தின நாள் அது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பழைய பீரோக்கள் குடோனின் உள்கோடியில் இருந்தன. அவற்றை எடுக்க வழி இல்லை. மோட்டார்ப் பெட்டி குறுக்கே நின்றது. பைப்பை உருளையாகப் போட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டுபோய் உபரிக் கொட்டகையில், கூடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பீரோ எல்லாம் ஏறி முடிய சாயங்காலமாகிவிட்டது. தள்ளின ஆட்கள் போய்விட்டார்கள்.

"நாளைக்குக் காலையில தள்ளிக்கலாம், ஒரு ராத்திரிதானேன்னு சொன்னாரு. நான் வெறும் குடோனைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலையில நான் வந்து திறந்ததும் அவரே ஆளைப் புடிச்சு உள்ளே தள்ளி வச்சாரு. ஆணி அடிச்சபடியே இருந்துச்சு. எனக்கு சந்தேகமே வரல. ஸ்டோர் பொருளை வெளியே விட்டுட்டுப் போனா வேலை போயிடும்ணே. அதான் சொல்லல."

"யார் சொல்ல வேணாம்னது?"

"நேத்து பெட்டியைத் திறந்ததும் காதுல வந்து சொன்னாரு. அந்த ராத்திரியைப் பத்தி வாயத் திறக்காத, உனக்குத்தான் ஆபத்துன்னு. என் நல்லதுக்குத்தானே..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

ஹாரன் எழுந்தார். "எவன்?" என்று கேட்கவில்லை. அவள் முகத்தில் அது மெதுவாக விடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செயல் அலுவலரும் போலீஸ்காரர் இருவரும் வந்தபோது, ஹாரனிடம் எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்த ஆய்வாளர் எல்லாரையும் உபரிக் கொட்டகைக்கு வரச்சொன்னார். "இது என் இடம். இங்கே நான் பேசலாம்." கொட்டகையில் புதிதாக வந்த கூடு ஒன்று மட்டும் நின்றது, செம்பு உருவியாகிவிட்டது, இன்னும் குறி விழவில்லை. தகரக் கூரை வெயிலில் படபடத்தது. எஞ்சினீயர், காவலாளி, மேஸ்திரி, தங்கச்சி, நால்வரும் வரிசையாக நின்றார்கள்.

"நாங்க குறி போட்டது ஏழு கூடு," என்று ஆரம்பித்தார் ஆய்வாளர். "லாரியில போனது ஏழு. கணக்கு சரி. அதனாலதான் யாரும் இந்தப் பக்கம் திரும்பல. ஆனா ஹாரன் குறி போட்ட கூடு ஒண்ணு பெட்டிக்குள்ள ஒடைஞ்சு கிடக்கு. அப்போ அவர் போட்ட குறியில ஆறுதான் வெளியே போயிருக்க முடியும். ஏழாவதாப் போனது எது?"

செயல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டாவதா ஒரு பெருக்கல் குறியை யாரோ போட்டிருக்காங்க. அந்தத் தார் காயறதுக்குள்ள லாரி வந்துடுச்சு. காவலாளி சட்டையில இருக்கிற கறை அதுதான். புது மோட்டாருக்குக் கரியும் கிரீஸும் பூசி, குறி போட்டு, கூட்டோட கூடா நிறுத்திட்டா யார் பார்க்கப் போறா? நாமதான் வேண்டாம்னு சொல்லிட்டோமே. கூடு எண்ணிக்கை கூடிடக்கூடாதுன்னு ஒண்ணை ஒடைச்சாங்க. பெட்டி எடை குறைஞ்சிடக்கூடாதுன்னு அதையும் வால்வையும் உள்ளே போட்டு ஆணி அடிச்சாங்க. பக்கத்துல பம்பு ஓடுற சத்தத்துல சம்மட்டி யாருக்குக் கேட்கும்?"

"எப்போ?" என்றார் எஞ்சினீயர். "பெட்டி குடோனுக்குள்ள..."

"ஒரு ராத்திரி இங்கே இருந்துச்சு." ஆய்வாளர் திரும்பினார். "பெட்டி அடியில சேறு ஒட்டியிருக்கு. உள்ளே தள்ளினவர் ஸ்டோர் கீப்பர் இல்ல. அவங்க ஒரு பெட்டியையும் பேரை மறைச்சு வச்சதில்ல. எஞ்சினீயர் சார், ஒரு உதவி. நீங்களும் காவலாளியும் இந்தக் கூட்டைக் கொஞ்சம் தூக்குங்க."

"நானா?"

"நீங்கதான்."

எஞ்சினீயர் கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டார். இரண்டு பேரும் குனிந்தார்கள். மூச்சுப் பிடித்து, முகம் சிவந்து, ஆனாலும் கூடு தரையைவிட்டு எழும்பியது. "வைங்க, வைங்க, இடுப்பு புடிச்சிடப் போகுது," என்றார் ஹாரன் தன்னையறியாமல்.

ஆய்வாளர் மேஸ்திரியைப் பார்த்தார். "மூட்டையே தூக்காத ரெண்டு பேர் தூக்கிட்டாங்க. அன்னிக்கு லாரி ஏத்தும்போது நீங்க எதுக்கு செயின் பிளாக் குடுத்தீங்க?"

மேஸ்திரி சிரித்தார். வழக்கமான சிரிப்புதான். "ஓ, அதுவா? பசங்க வெயில்ல ஏத்தி ஏத்தி ஓய்ஞ்சு போயிட்டாங்க மேடம். கடைசி ஒண்ணுக்குக் கையே எழும்பல. பாவமா இருந்துச்சு, செயினைப் போடுங்கடான்னேன். கூலிக்காரன் கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

"கடைசியா?" என்றார் காவலாளி. "என்ன மேஸ்திரி, மறந்துட்டீங்களா? முதல்ல ஏத்தினதுக்குத்தானே செயின் போட்டீங்க? கேபினை ஒட்டித் தள்ளுங்கன்னு நீங்கதானே கத்தினீங்க?"

கனமானது முதலில், கேபினோரம். லாரி ஏற்றின எவனுக்கும் அது தெரியும். ஹாரனின் தோள் அதை எத்தனை வருஷம் சுமந்திருக்கிறது! தார் அப்பினதும் அந்த முதல் கூட்டில்தான்.

"முதல் கூட்டுக்கே ஓய்ஞ்சு போயிட்டாங்களா, மேஸ்திரி?" என்றார் ஆய்வாளர். "செயின் பிளாக் உங்க பொறுப்பு. அது இருந்தா மோட்டாரைப் பெட்டியிலேர்ந்து எடுக்க ஒரு ஆள் போதும். பெட்டி ராத்திரி வெளியே இருக்கட்டும்னு சொன்னதும் நீங்க. அதைப் பத்தி வாயத் திறக்காதன்னு இவங்க காதுல சொன்னதும் நீங்க. சொல்லியிருந்தா அந்த ராத்திரி யார் இங்கே இருந்தாங்கன்னு தேடுவாங்க. சொல்லலைன்னா சாவி வச்சிருக்கவங்களோட கதை முடிஞ்சிடும். வேணும்னா வியாபாரியையும் கேட்டுடலாம். உங்களுக்காக ஜெயிலுக்குப் போற அளவுக்கு அவனுக்கு உங்க மேல பாசம் இருக்கான்னு பார்ப்போம்."

மேஸ்திரியின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டு இறங்கியது. போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"அவன் கிடங்குலதான் இருக்கு," என்றார் மேஸ்திரி தரையைப் பார்த்து. "பழைய மோட்டார் இன்னும் ஆறு மாசம் ஓடும்னு நினைச்சேன். அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆகியிருப்பேன்."

எஞ்சினீயர் எழுதி வைத்திருந்த தாளை நான்காக மடித்துப் பைக்குள் செருகினார். தங்கச்சியின் பக்கம் பார்த்தார். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. "நீங்க போங்கம்மா. போய் வேலையைப் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

அவள் போகவில்லை. மேஸ்திரிக்கு எதிரே வந்து நின்றாள். ஹாரன் தடுக்கக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தள்ளினாள்.

"எத்தனை வருஷமா பெரியப்பான்னு கூப்பிட்டேன். எதுக்கு என் குடோன்? எதுக்கு என் பெட்டி?"

மேஸ்திரி யோசித்தார். பொய் சொல்ல இனி அவருக்கு அவசியமில்லை. "வேற எந்த ஸ்டோர் கீப்பரா இருந்தாலும் அன்னிக்குப் பெட்டியை உள்ளே தள்ளிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்பான் பாப்பா. நீ நான் சொன்னா கேட்பே."

அவளுக்கு அது அறை விழுந்ததுபோலத்தான் இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு செயல் அலுவலரிடம் திரும்பினாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். எழுதிக்கங்க."

"அதான் முடிஞ்சுதேம்மா..."

"முடியல. ஸ்டோர் பொருளை ராத்திரி வெளியே விட்டுட்டுப் போனது நான். கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னதும் நான்."

"அடியே, வாயை மூடு," என்றார் ஹாரன் பதறி. "இப்பத்தானே தப்பிச்சே. சும்மா இரு, உன் நல்லதுக்குச் சொல்றேன்." சொல்லி முடித்ததும் யாருடைய பேச்சைத் தான் பேசினோம் என்று அவருக்கே உறைத்தது. மேஸ்திரியை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதுக்கு தண்டனை உண்டு, தெரியுமில்ல?" என்றார் செயல் அலுவலர். "சம்பள உயர்வு நிக்கும்."

"நிக்கட்டும் ஐயா."

ஆய்வாளர் தன் பேனாவின் மூடியைத் திருகிச் செயல் அலுவலரிடம் நீட்டினார். தங்கச்சி, பீரோ ஏற்ற வண்டி வந்த காலையிலிருந்து ஆரம்பித்து, பம்பின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள்.